உங்களுக்குத் தெரியுமா? கொடும்பாளூர் வழியோரத்து ஆவாரை

★ திருச்சியிலிருந்து மதுரை போகிற சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் மன்னன் எடுப்பித்த மூவர் கோயிலைத் தேடி இங்கே வருகிறார்கள். கட்டியது மூன்று விமானம், நிற்பது இரண்டு. அந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், சரளை மேட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையை ஏனோ கவனிப்பதில்லை. நட்டவர் இல்லை, தண்ணீர் விட்டவர் இல்லை. ஒரு தரம் வேர் பிடித்துவிட்டால் பல வருடத்துக்கு அது பாட்டுக்குப் பூக்கும்.

★ உறையூரிலிருந்து மதுரைக்கு நடக்கிறவர்களுக்குக் கொடும்பைக் குளக்கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கொடும்பை என்பது இந்த ஊர்தான். வெயிலில் நெடுந்தூரம் நடப்பவர்கள் ஆவாரந்தழையைத் தலையில் வைத்துத் துண்டால் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. சூடு தலைக்கு ஏறாது என்பார்கள்.

★ சங்க இலக்கியத்தில் இதன் பெயர் ஆவிரை. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலும் இருக்கிறது. காதல் கைகூடாத இளைஞன் பனைமடலால் செய்த குதிரையேறி ஊர் நடுவே வருவானே, அப்போது அவன் சூடிய பூக்களில் இதுவும் ஒன்று.

★ ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சின்னக் காது மடல் மாதிரி ஒரு செதில் ஒட்டியிருக்கும். செடியின் அறிவியல் பெயரான 'சென்னா ஆரிகுலேட்டா'வில் இரண்டாவது சொல்லுக்குப் பொருளே 'காது உள்ளது' என்பதுதான். அடுத்து பூவைப் பாருங்கள். இதில் தேன் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் ஊசித்துளை போல ஓட்டை மட்டும் இருக்கும். பெரிய கருவண்டுத் தேனீ வந்து பூவைக் கட்டிப் பிடித்து, உடம்பை அதிரவைத்து 'ஙொய்' என்று ஒலி எழுப்பும். மகரந்தம் பொடியாகக் கொட்டும். காலை வெயில் ஏறும் முன் செடியருகே ஐந்து நிமிடம் நின்றால் அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். நான் அதற்காகவே நிற்பதுண்டு.

★ நம் ஆவாரை கொன்றைக்கு உறவு. ஆடுமாடு பொதுவாக இதில் வாய் வைப்பதில்லை. அதனால்தான் மேய்ச்சல் காட்டிலும் தப்பிப் பிழைத்து மண்ணைப் பிடித்து வைக்கிறது.

★ தோல் பதனிட ஒரு காலத்தில் தமிழ்நாடே நம்பியிருந்தது ஆவாரம்பட்டையைத்தான். பட்டையில் ஏறக்குறைய 18 சதவீதம் துவர்ப்புச் சத்து. தென்னாப்பிரிக்காவிலிருந்து சீமை வேலம்பட்டை வந்து இறங்கிய பிறகுதான் பட்டை உரிக்கும் பிழைப்பு சுருங்கியது.

★ இலங்கையில் இதற்கு 'ரணவரா' என்று பெயர். தேநீர் போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். தெலங்கானா 2014-இல் இதையே மாநில மலராக்கியது. பதுகம்மா பண்டிகையில் பூ அடுக்குக்கு இது இல்லாமல் ஆகாது. நம் ஊரிலோ பொங்கலுக்கு முன்னால் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வாசலில் காப்புக் கட்டுகிறோம்.

★ சித்த மருத்துவத்தில் இலை, பூ, காய், பட்டை, வேர் ஐந்தும் சேர்ந்தது ஆவாரைப் பஞ்சாங்கம். நாவல், கொன்றை, மருதம்பட்டை முதலியவற்றோடு சேரும் ஆவாரைக் குடிநீர் சர்க்கரை நோய்க்குத் தரப்படுகிறது. ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். பாசிப்பருப்போடு கூட்டு வைப்பதற்கும், காயவைத்துக் குளியல் பொடியில் சேர்ப்பதற்கும் சாலைப் புழுதி படாத செடியில் பறித்த பூ நல்லது.

★ வளர்ப்பது எளிது, முளைக்க வைப்பதுதான் பாடு. விதையின் தோல் கல் மாதிரி. மணலோடு சேர்த்துத் தேயுங்கள். அல்லது வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். செம்மண், சரளை எதுவும் போதும்; தண்ணீர் தேங்கினால்தான் ஆகாது. பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்தால் புதுத்தளிர் அடர்த்தியாக வரும். கழித்த தழையை வீணாக்க வேண்டாம், வயலில் மிதித்தால் நல்ல தழையுரம்.

★ மனை பிரிக்கவும் சாலை அகலப்படுத்தவும் ஜேசிபி இறங்கும்போது முதலில் போவது இந்தச் செடிதான். போன இடத்தில் சீமைக்கருவேலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த தடவை மூவர் கோயிலுக்குப் போனால், காய்ந்து பழுத்த காய் நான்கைந்து பறித்து வாருங்கள். காகிதம் போல் தட்டையாக, ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். உங்கள் வேலியோரத்துக்கு அது போதும்.