புனரமைப்பு என்னும் சொல்

பத்திரிகைகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் நாள்தோறும் வழங்கிவருஞ் சொற்களுள் புனரமைப்பு என்பதும் ஒன்று. வீதிப் புனரமைப்பு, குளப் புனரமைப்பு, லயன் புனரமைப்பு எனப் பலவாறாக அது ஆளப்படுகின்றது. அதன் பொருள் யாது?

‘புனர்’ என்பது வடசொல். மறுபடியும் என்பது அதன் பொருள். ‘அமைப்பு’ என்பதோ ‘அமை’ என்னும் தமிழ் வினையடியாகப் பிறந்தது. அமைதலாவது பொருந்துதல், தங்குதல், நிறைதல். அமைதி என்பதும் இவ்வடியிற் பிறந்ததே. ஆகவே மறுபடியும் பொருந்தச் செய்தலே புனரமைப்பு. ஒழுகுங் கூரைத் தகரத்தை மாற்றுவது பழுதுபார்த்தல். சுவருக்கு வெள்ளையடிப்பது புதுப்பித்தல். இவற்றைப் புனரமைப்பு எனல் சொல்லின் பொருளைக் குறைப்பதாகும்.

தோட்டங்களில் வாழ்வோருக்கு இதன் இனச்சொல்லொன்று கோயில் வழியாக நன்கு பழக்கமானது. பழுதுற்ற ஆலயத்தைத் திருத்தி எழுப்புவதைப் புனருத்தாரணம் என்பர். திருப்பணி நடைபெறுங்கால் தெய்வத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வர். பணி முற்றியதும் பழைய இடத்திலேயே கும்பாபிஷேகம் நிகழும். மனிதர் குடியிருப்புக்கோ பழைய இடம் எப்பொழுதும் பொருந்துவதில்லை.

பதுளை மாவட்டத்திலே, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தை தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. உயிர்தப்பிய குடும்பங்கள் பல, கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுநாள் தங்கின. அவர்களுக்கெனப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் எழுந்து, 2016 ஆம் ஆண்டிற் கையளிக்கப்பட்டன. அவர்களுடைய பாலாலய வாசம் ஏறக்குறைய இரண்டாண்டு.

சரிந்த மலையடியிலேயே அதே லயனைத் திரும்பக் கட்டியிருப்பின் ‘புனர்’ நிறைவேறியிருக்கும், ‘அமைப்பு’ நிறைவேறியிராது. உறுதியான மண், குடிநீர், பாதை, பிள்ளைகள் நடந்து செல்லத்தக்க பாடசாலை ஆகியன பொருந்தினாலன்றி வீடு அமைந்ததாகாது. மற்றொன்றும் உண்டு. லயன் அறை தோட்டத்துக்குரியது. தலைமுறை தலைமுறையாகத் தங்கியவர் கையிலும் அதற்கு உறுதிப்பத்திரம் இல்லை. அதனாலேயே பிற்கால வீடமைப்புத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் அதற்கான உறுதியும் பேசப்படலாயின.

2025 நவம்பரில் வீசிய திட்வா புயலும் மலைநாட்டில் மண்சரிவுகளை விளைத்தது. புனரமைப்பு என்னுஞ் சொல் மீண்டும் எங்கும் ஒலிக்கலாயிற்று. அதனைக் கேட்குந்தோறும் எதனை, எவ்விடத்தில், யார் பெயரில் என மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். மூன்றுக்கும் விடை கிடைக்குமிடத்தே அச்சொல் தன் முழுப்பொருளையும் பெறும்.