ஸ்டெப்னி இல்லாத இரவு

போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டார். "சார், அப்பா வைத்திருந்த அம்பாசடரைச் செப்பனிட்டு ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஸ்டெப்னி ரிம் மட்டும் துருப்பிடித்து உதவாமல் போய்விட்டது. வழியில் டயர் பஞ்சரானால் என்ன செய்வது?"

முப்பத்தெட்டு வருடம் இரயில்வேயில் குப்பை கொட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் சக்கரம் பஞ்சர் ஆவதே இல்லை. எங்களிடமும் 'டயர்' என்று ஒன்று உண்டு. ஆனால் அது எஃகு வளையம். அதைச் சூடாக்கி விரியச் செய்து, சக்கரத்தின் நடுப்பகுதிமேல் மாட்டி, ஆறவிட்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். காற்றும் கிடையாது, டியூபும் கிடையாது.

இருந்தாலும் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. 1994 ஜனவரியில் ஒரு நள்ளிரவு, மோதி பாக்கிலிருந்து கிளம்பிய ஒரு பழைய ஃபியட்டில் நானும் இருந்தேன். அன்று பட்டதை இன்றுவரை மறக்கவில்லை.

ஊறுகாய்க்கு இடம்

என் மனைவியின் மூத்த அண்ணன் அப்போது மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருந்தார். அவரிடம் 1964 மாடல் ஃபியட் 1100 ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியிடம் வாங்கியது. ஞாயிறுதோறும் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் மலை மந்திருக்குக் கிளம்புவார். அவருடைய மகனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறுகிறவன் அவன். விடியற்காலை விமானம். இரவு பதினொன்றரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப ஏற்பாடு.

பையனுடைய பெட்டிகள் இரண்டு. ஒன்றில் துணிமணி. மற்றொன்றில் மாவடு, நார்த்தங்காய், பருப்புப் பொடி, சாம்பார் பொடி, முறுக்கு. டிக்கியில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம், மூடவில்லை. மைத்துனர் சற்று யோசித்துவிட்டு ஸ்டெப்னியைக் கழற்றி வராந்தாவில் சாய்த்து வைத்தார். "அரை மணி நேரப் பயணம்தானே மாப்பிள்ளை, என்ன ஆகிவிடப் போகிறது?" என்றார். நானும் தலையாட்டினேன். டிப்ளமோ படித்தவன், நாள் முழுதும் இயந்திரத்தோடு புழங்குகிறவன், நான் தலையாட்டியதுதான் பெரிய தப்பு.

மோதி பாக்கிலிருந்து தௌலா குவான் நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள்ளேயே ரிங் ரோடில், பின்பக்கத்து இடது டயர் 'புஸ்'ஸென்று இறங்கிவிட்டது. மூடுபனி. இரவானால் ரிங் ரோடில் லாரிகளின் ராஜ்யம். மைத்துனர் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். நேரே பின்னால் போய்க் குனிந்து டயரைப் பார்த்தார். அவர் உடம்பு பின் விளக்கை மறைத்துக்கொண்டிருந்தது. அண்ணியும் என் மனைவியும் இறங்கி அவர் பக்கத்தில் நின்றார்கள். பையன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் காப்பு, பிறகு பழுது

அந்த நேரத்தில்தான் எனக்கு இரயில்வே பாடம் நினைவுக்கு வந்தது. நடுவழியில் ஒரு வண்டி நின்று, மேலே போக முடியாது என்று தெரிந்தால் கார்டு என்ன செய்வார்? எஞ்சினில் என்ன கோளாறு என்று பார்க்க முன்னால் ஓடமாட்டார். பின்னால் நடப்பார். அகலப் பாதையில் 600 மீட்டர் தொலைவில் தண்டவாளத்தின்மேல் ஒரு டெட்டனேட்டர் வைப்பார். 1200 மீட்டர் தொலைவில், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் இன்னும் மூன்று. பின்னால் வரும் எஞ்சின் அதன்மேல் ஏறினால் பட்டாசுபோல வெடிக்கும். டிரைவர் பிரேக் பிடிப்பார். நின்ற வண்டிக்கு முதல் ஆபத்து பின்னால் வரும் வண்டிதான். பழுது அப்புறம்.

பெண்களை நடைபாதைமேல், வண்டியை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். மைத்துனரைக் கையைப் பிடித்து இழுத்தேன். ஓரத்தில் கிடந்த செங்கற்களை வண்டிக்குப் பத்தடி பின்னால் அடுக்கினேன். பையனின் சிவப்பு ஸ்வெட்டரை வாங்கி, டார்ச்சை அதற்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு, நடைபாதை வழியாக அறுபது எழுபது அடி பின்னால் போய் நின்று ஆட்டினேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பனிக்குள்ளிருந்து ஒரு லாரி எங்கள் ஓரமாகவே வந்தது. சிவப்பு வெளிச்சத்தைக் கடைசி நேரத்தில் பார்த்த டிரைவர் வலப்பக்கம் திருப்பினார். ஃபியட்டில் படவில்லை. ஆனால் நான் அடுக்கியிருந்த செங்கல்லில் ஒன்று தெறித்துப் போய் விழுந்தது. மைத்துனர் அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஒரு டாக்ஸி நின்றது. ஓட்டி வந்தவர் வயதான சர்தார்ஜி. விஷயத்தைக் கேட்டவர், "பஹலே சவாரி, பாத் மேன் காடி" என்றார். பயணி முதலில், வண்டி பிறகு. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் சொல்வதும் இதேதான்! பையன், அவன் அம்மா, பெட்டிகள், ஊறுகாய் எல்லாம் டாக்ஸியில் ஏறின. என் மனைவியும் உடன் போனாள். நான் ஓர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் ஸ்டெப்னியைத் தூக்கி வந்தேன். மாட்டப் போகும்போது பார்த்தால் அதிலும் பாதிக் காற்றுதான்! கால் பம்பை மாறி மாறி மிதித்து, ஒன்றரை மணிக்கு வண்டி நகர்ந்தது. பையனுக்கு விமானம் கிடைத்தது.

பெயர் வந்த கதை

நாம் வாய் நிறைய 'ஸ்டெப்னி' என்கிறோமே, அது ஒரு தெருவின் பெயர். மோட்டார் வண்டி வந்த புதிதில் மாற்றுச் சக்கரம் என்று ஒன்று கிடையாது. காற்றடைத்த டயரை டன்லப் என்ற கால்நடை மருத்துவர் 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். அது காருக்கும் வந்தது. அந்நாளில் பஞ்சரானால் வழியிலேயே உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்டுப் போட வேண்டும்.

இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் ரிம். அதன்மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அதன் பக்கத்திலேயே இதை வைத்துத் திருகி இறுக்கிவிட்டு ஓட்டலாம். அந்தத் தெருவின் பெயரே சரக்கின் பெயராகி உலகம் சுற்றியது. பிரேசிலில் இன்றும் மாற்றுச் சக்கரத்துக்கு 'எஸ்தெப்பே' என்றுதான் பெயர். சக்கரத்தையே கழற்றி மாற்றும் முறை வந்தபின் அந்தச் சாதனம் மறைந்தது. பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

ஸ்டெப்னி இல்லாமல் நின்றுவிட்டால்

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அம்பாசடர், ஃபியட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

டயர் இறங்கியது தெரிந்ததும் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட்டு ஓரம் கட்டுங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று காற்றில்லாத டயரில் ஓட்டினால் வால்வு பிய்ந்துவிடும், டயரின் பக்கச் சுவர் நசுங்கிவிடும், ரிம்மும் வளையும். ஓர் ஒட்டோடு முடிய வேண்டிய செலவு டயர், டியூப், ரிம் மூன்றுக்குமாக ஏறிவிடும். ஆனால் நின்ற இடம் வளைவாகவோ மேம்பாலமாகவோ இருந்தால், ரிம் போனாலும் போகட்டும் என்று பத்திரமான இடம்வரை ஊர்ந்து போய்விடுங்கள். ரிம்மை வாங்கிக்கொள்ளலாம்.

எல்லோரையும் இறக்கி ஓரத்தில் நிறுத்துங்கள். வண்டிக்குள் யாரும் உட்கார வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் நாலு இண்டிகேட்டரும் ஒன்றாகக் கண் சிமிட்டும் வசதி கிடையாது. ஆகவே சிவப்பு முக்கோணம் ஒன்று டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

அடுத்து, பஞ்சர்தானா என்று பாருங்கள். வால்வு மூடியைக் கழற்றி, எச்சில் தொட்டு வாயில் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ஊசி தளர்ந்திருக்கிறது. பழைய உலோக மூடிகள் சிலவற்றின் தலையில் ஒரு பிளவு இருக்கும். அதைக்கொண்டே ஊசியை முறுக்கலாம். காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் கால் பம்பால் அடித்துக்கொண்டு அருகில் உள்ள பஞ்சர் கடைவரை போய்விடலாம். ஆணி குத்தியிருந்தால் வழியில் பிடுங்காதீர்கள். ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணியாக இருக்கலாம்.

இப்போது கடைகளில் டயரை வெளியிலிருந்தே குத்தி அடைக்கும் ரப்பர் திரி விற்கிறார்கள். அது டியூப் இல்லாத டயருக்குத்தான். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் உள்ளே டியூப் உண்டு. அதில் அந்த வைத்தியம் பலிக்காது.

சக்கரத்தைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போவதாக இருந்தால் சில எச்சரிக்கைகள். கை பிரேக் போடுங்கள். எதிர்ப்பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கியை ஏற்றுங்கள். மண் தரையானால் ஜாக்கிக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். முக்கியமாக, வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி விட்டுவிட்டுப் போகக் கூடாது. அச்சுக்குக் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். செங்கல் அடுக்காதீர்கள், பாரம் ஏறினால் பொடிந்துவிடும். இரயில்வேயில் இதற்கு நாங்கள் நல்ல கனமான மரக்கட்டைதான் வைப்போம். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குக் கீழே தலையையோ கையையோ நுழைப்பது, நிற்கும் இரயிலுக்கு அடியில் புகுந்து போவதற்குச் சமம்.

முன்பெல்லாம் எந்த டாக்ஸி ஸ்டாண்டிலும் ஓர் அம்பாசடர் சக்கரத்தை இரவல் வாங்கிவிடலாம். 2014-ல் உத்தர்பாராவில் அந்த வண்டியின் உற்பத்தி நின்றபிறகு அந்தச் சௌகரியம் போய்விட்டது. அம்பாசடருக்கு 5.90-15, ஃபியட்டுக்கு 5.20-14 என்று டயர் அளவே வேறு. ஒன்றின் சக்கரம் மற்றதற்கு ஆகாது. ஆகவே உங்கள் வண்டி போலவே வண்டி வைத்திருக்கும் இரண்டு மூன்று பேருடைய தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னி ரிம் கிடைக்கும்வரை சரியான அளவில் ஒரு புது டியூபாவது வாங்கி டிக்கியில் போடுங்கள். தில்லியில் பஞ்சர் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மரத்தில் தொங்கும் பழைய டயர்தான் அவர்களுடைய விளம்பரப் பலகை. கையில் டியூப் இருந்தால் சற்று நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

இன்னொன்று: பழைய வண்டி அதிகம் ஓடுவதில்லை. டயரின் பட்டை தேய்ந்திருக்காது; ரப்பர் மட்டும் கிழடாகிவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். வெடிப்பு தெரிந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

மறுபடியும் ஆரம்பத்துக்கே

வேடிக்கை பாருங்கள்! 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. பல வெளிநாடுகளிலும் புதுக் கார்கள் ஸ்டெப்னி இல்லாமலேயே வருகின்றன. 1904-க்கு முன்னால் இருந்த நிலைக்கே திரும்பிவிட்டோம்; கருவிகள் மட்டும் மாறியிருக்கின்றன. ஆனால் இந்தச் சலுகை நம் பழைய வண்டிகளுக்குப் பொருந்தாது. 2021-ல் வந்த விதிப்படி, 50 வருடத்தைத் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனி எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. எப்போதாவது வெளியே எடுக்கிற வண்டி என்பதால்தான் கிளம்புமுன் ஐந்து சக்கரத்தையும் பார்க்க வேண்டும். நாலு அல்ல, ஐந்து. ஐந்தாவதில் காற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அன்றிரவு வீட்டுக்குத் திரும்பியதும் மைத்துனர் செய்த முதல் காரியம், பஞ்சரான டயரைக் கதவோரம் சாத்தி வைத்தது. காலையில் முதல் ஆளாகப் போய் ஒட்டிக்கொண்டு வந்தார். அதன்பின் எத்தனை பெட்டி வந்தாலும் ஸ்டெப்னியை அவர் இறக்கியதில்லை. அவரும் போய்விட்டார், ஃபியட்டும் போய்விட்டது.

மஸ்கட்டுக்குப் போன பையனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நான் எங்காவது காரில் கிளம்புகிறேன் என்று தெரிந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பான்: "மாமா, ஸ்டெப்னி இருக்கிறதா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பான். ஆனால் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வேன்.