மழைக்குப் பின் மீனைத் தாக்கும் புண் நோய்

அடைமழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் ஏரி, குளங்களில் பிடிபடும் விராலின் விலாவில் சில சமயம் ரத்தம் கட்டியதுபோல் சிவப்புப் புள்ளி தெரியும். பிறகு அந்த இடத்தில் செதில் உதிரும், தோல் கிழியும், சதை வெளியே தெரியும். நோய் முற்றினால் மண்டையோடு அரித்துப்போய் மூளையே தெரியும். அந்த நிலையிலும் விரால் சில காலம் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். விரால், மடவை தவிர மற்ற பெரும்பாலான மீன்களுக்கு அத்தனை தாக்குப்பிடிக்கும் சக்தி இல்லை.

'இயூஎஸ்' என்று மீன்வளத் துறையினர் சுருக்கமாகச் சொல்லும் கொள்ளைப்புண் நோய் இது. உலகெங்கும் 100க்கும் மேற்பட்ட மீன் இனங்களை இது தாக்கியிருக்கிறது.

பூஞ்சை போல, ஆனால் பூஞ்சை அல்ல

நோய்க்குக் காரணம் அஃபனோமைசஸ் இன்வடான்ஸ் என்ற நுண்ணுயிரி. பார்வைக்குப் பூஞ்சை போல இழை இழையாக வளரும். ஆனால் உறவுமுறையில் பழுப்புப் பாசிகளுக்கே நெருக்கமானது. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கும். இதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கும். பூஞ்சை அல்ல என்பதால், பூஞ்சைக்கான பல மருந்துகள் இதனிடம் எடுபடுவதில்லை.

இதன் வித்துகளுக்கு இரண்டு வால் இழைகள் உண்டு. அவற்றால் நீந்தி வந்து மீனின் தோலில் ஒட்டி முளைக்கும். இழைகள் தசைக்குள் துளைத்துக்கொண்டு போகும். புண்ணின் ஓரத்தில் துளி சதையைக் கிள்ளி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், குறுக்குச் சுவர் இல்லாத இழைகள் தெரியும். களத்திலேயே நோயைச் சந்தேகிக்க இது போதும். உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும்.

ஏன் மழைக்குப் பின்?

வித்து இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. தோலில் சிறு காயமாவது வேண்டும். அந்தக் காயத்தை உண்டாக்குவதில் மழைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆறுகளில் நடந்த ஆய்வுகள் இதை விளக்கின. கந்தகம் கலந்த கரையோர மண் காய்ந்து காற்றுப் பட்டால் அமிலம் உருவாகும். பெருமழை அதை ஆற்றில் கொண்டு சேர்க்க, மீனின் மேல்தோல் சிதையும். கேரளத்தின் குட்டநாட்டிலும் இப்படிப்பட்ட அமில மண் உண்டு.

அடுத்தது குளிர். நீரின் வெப்பம் 18 முதல் 22 டிகிரி வரை இறங்கும்போது மீனின் எதிர்ப்பு சக்தி மந்தமாகும். நோய்க்கிருமிக்கு அது தடையில்லை. வெயில் ஏறினால் நோய் தணிவதும், உப்பு கூடிய நீரில் பரவாததும் இதன் இயல்பு.

வந்த வழி

1971இல் ஜப்பானில் பண்ணை அயு மீன்களில் நோய் முதலில் பதிவானது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் பகுதியில் மடவைகளில் தெரிந்தது. 1980களில் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் இலங்கை, வங்கதேசம், இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்கள் வரை வந்துவிட்டது. 2006-07இல் ஆப்பிரிக்காவின் சோபே, சாம்பேசி ஆறுகளில் வெடித்தது. வெள்ளம் மட்டுமல்ல, உயிர்மீன் வணிகமும் இதற்கு வாகனம்: சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குப் போன அலங்கார மீனான குள்ள கௌராமியிலும் இது கண்டறியப்பட்டது.

என்ன செய்யலாம்?

ஆற்றிலும் ஏரியிலும் மருந்து ஊற்ற முடியாது. பண்ணைக் குளத்தில் வருமுன் காப்பதே வழி. குஞ்சு விடுவதற்கு முன் குளத்தை வற்றவைத்துக் காயப்போட்டுச் சுண்ணாம்பு இட வேண்டும். ஆற்றுநீரோடு காட்டுமீன் உள்ளே வராமல் மடைவாயில் வலை கட்ட வேண்டும். ஓரிடத்தில் பயன்படுத்திய வலையைக் காயவைக்காமல் மறுகுளத்தில் இறக்கக் கூடாது. நோய் அடிக்கடி வரும் இடத்தில், எளிதில் பாதிக்கப்படாத திலேப்பியா, சாதாக் கெண்டையை வளர்க்கலாம். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய 'சிஃபாக்ஸ்' மருந்து குளங்களில் பயன்படுகிறது. அளவை மீன்வளத் துறையிடம் கேட்டே இட வேண்டும். செத்த மீனை வாய்க்காலில் வீசாமல் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது அவசியம்.

சாப்பிடலாமா?

இந்தக் கிருமி மனிதரைத் தாக்குவதில்லை. மனித உடலின் 37 டிகிரி சூட்டில் அது வளராது. ஆனால் புண்ணில் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும் என்பதால், புண் உள்ள மீனை ஒதுக்குவதே நல்லது. புண் இல்லாத மீனை வழக்கம்போல் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

இதைச் சொல்லத் தவறினால் நோயைவிடப் பீதி அதிக நட்டம் தரும். 1991இல் குட்டநாட்டில் நோய் பரவியபோது மக்கள் மீன் வாங்கவே அஞ்சினார்கள். பிடித்தது விலைபோகாமல் மீனவர்கள் தவித்தார்கள். புண் கண்ட முதல் வாரத்திலேயே எந்த மீனை ஒதுக்க வேண்டும், எதைத் தாராளமாக வாங்கலாம் என்று மீன்வளத் துறை சந்தைகளில் அறிவித்தால் அந்த நட்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.