சுவருக்குள் ஒரு மாடம்

பழைய வீடுகளில் அகல்விளக்கு வைப்பதற்குச் சுவரிலேயே ஒரு குழி அமைப்பர். அதற்கு மாடம் என்று பெயர். மாடக்குழி என்றும் கூறுவர். இன்று குளியலறையில் சோப்பும் எண்ணெயும் வைப்பதற்கு அத்தகைய மாடத்தை அமைக்கின்றனர். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் போல இது தோளில் இடிக்காது.

மாடத்தின் இடத்தைச் சுவர் எழுப்பும்போதே முடிவு செய்தல் நன்று. பின்னர் உடைத்தால் செங்கற்களின் பிடிப்புத் தளரும். 9 அங்குலச் சுவரில் 4 அங்குல ஆழம் விட்டாலும் பின்புறம் போதிய சுவர் எஞ்சும். 4½ அங்குலத் தடுப்புச் சுவர் அதற்கு இடம் தராது. தூணையும் உத்திரத்தையும் ஒருபோதும் வெட்டலாகாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தூணைச் சிதைத்தால் மேல்தளங்களில் வாழ்வோருக்கும் தீங்கு நேரும். குழாயும் மின்கம்பியும் செல்லும் வழியையும் தவிர்க்க வேண்டும்.

மாடத்தின் அடிப்பகுதி முன்புறமாகச் சற்றே சரிந்திருத்தல் வேண்டும். இன்றேல் நீர் தேங்கிச் சோப்பு கரையும். மூலைகளில் பூஞ்சை படரும். ஓடுகளின் இணைப்பு வழியே ஈரம் உட்புகும். ஆதலால், ஓடு பதிப்பதற்கு முன்பே உட்பக்கங்கள் அனைத்திலும் நீர்க்காப்புப் பூச்சு பூசுவர். பூசாவிடின் அடுத்த அறையின் சுவர் ஊறி, வண்ணம் உதிரும்.

உயரமும் கருதத்தக்கது. மாடத்தின் நடுவே ஒரு கற்பலகை பதித்தால் இரு தட்டுகள் கிடைக்கும். கீழ்த்தட்டு சிறுவருக்கு எட்டும். மேல்தட்டிலிருந்து முதியோர் குனியாமல் எடுப்பர். ஈரத்தரையில் எம்பி வழுக்கி விழும் துன்பம் எவர்க்கும் நேராது.