சேறு சொல்லும் சாட்சி

ஆறு கடலோடு கூடும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம். அங்கே நீர் கலங்கியிருக்கும். கரை சேறாய்க் கிடக்கும். காண்போர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்பால் நடப்பர். ஆனால் வேதியியல் மாணவனுக்கு அச்சேறு ஒரு வரவுக் கணக்கு. எந்த மரத்தின் இலை, எந்த வயலின் தாள், எந்தக் கடலின் பாசி, எந்த ஊரின் சாக்கடை என வந்து சேர்ந்த யாவும் அதில் பதிவாகியுள்ளன. அக்கணக்கைப் படிக்கும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு அண்மையிலுள்ள ஊக்ளிக் கழிமுகத்தையே எடுத்துக்கொள்வோம். இமயத்தின் மண்ணையும் கங்கைச் சமவெளியின் மண்ணையும் சுமந்துவரும் நீர் கொல்கத்தாவைக் கடந்து, சாகர்த் தீவருகே வங்கக் கடலில் விழுகிறது. அதற்குக் கிழக்கே சுந்தரவனம். இந்தியாவிலும் வங்காளதேசத்திலுமாக ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரந்த அலையாத்திக் காடு. இங்குள்ள சேற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் உயிர்ப்பொருளின் கார்பன் இருக்கும். அந்தச் சிறு பங்கு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

கார்பனில் இரு எடை

கார்பன் அணுக்கள் எல்லாம் ஒரே எடையுடையவை அல்ல. நூற்றில் ஏறத்தாழ தொண்ணூற்றொன்பது அணுக்களின் எடை 12. ஒன்றின் எடை 13. இவ்விரண்டும் கதிர்வீச்சின்றி நிலைத்து நிற்பவை. செடிகள் காற்றிலிருந்து கரியமில வாயுவை ஏற்கும்போது இலேசான அணுவையே விரும்பி எடுக்கின்றன. அந்த விருப்பம் செடிக்குச் செடி வேறுபடுகிறது.

நெல்லும் பெரும்பாலான மரங்களும் ஒரு வகை. குறிப்பிட்ட ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டால், இவற்றில் கன அணுவின் விகிதம் ஆயிரத்துக்கு 27 அளவில் குறைந்திருக்கும். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை மற்றொரு வகை. இவற்றில் குறைவு ஆயிரத்துக்கு 12 அல்லது 13தான். கடலில் மிதக்கும் நுண்பாசிகளில் 20 முதல் 22 வரை. நாம் உண்ட சோறும் களியும் இப்படி இரு வேறு முத்திரை தாங்கியவை என்பது வியப்பன்றோ?

சேற்றை உலர்த்திப் பொடியாக்குவர். கிளிஞ்சல் சுண்ணாம்பிலும் கார்பன் உண்டாதலால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமிட்டு அதனைப் போக்குவர். எஞ்சியதை எரித்து, வரும் வாயுவை நிறைமாலைமானி என்னும் கருவியில் செலுத்தி விகிதத்தை அளப்பர். குறைவு 24 என்று வந்தால், 27க்கும் 21க்கும் நடுவாதலால், நிலம் பாதி, கடல் பாதி எனக் கணிக்கலாம்.

பொய்ச் சாட்சி

ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. நெல் வகையிலிருந்து 60 பங்கும், கரும்பு வகையிலிருந்து 40 பங்கும் கலந்ததாகக் கொள்வோம். 27இல் 60 பங்கு 16.2, 12இல் 40 பங்கு 4.8, கூட்டினால் 21! கடலையே காணாத மண், தன்னைக் கடற்பாசி என்று சொல்லிவிடும். நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் அடுத்தடுத்து விளையும் கங்கைச் சமவெளியில் இது வெறும் கற்பனையன்று. ஆகவே ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது.

இரண்டாவது சாட்சி, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். கடற்பாசியில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு ஆறு அல்லது ஏழு கார்பன் அணுக்கள். நிலத்து இலைகளிலும் மரத்திலும் இருபதுக்கும் மேல். எனினும் இலை மட்கும்போது பாக்டீரியாக்கள் நைட்ரஜனைச் சேர்க்கின்றன. களிமண்ணும் அம்மோனியத்தைப் பற்றி வைத்துக்கொள்கிறது. எனவே இச்சாட்சியும் சில சமயம் தடுமாறும்.

மூன்றாவது சாட்சி உறுதியானது. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். கடலில் மிதக்கும் நுண்பாசிக்கு அது கிடையாது. சேற்றைத் தாமிர ஆக்சைடுடன் காரத்தில் சூடாக்கினால் லிக்னின் சிதைந்து வெனிலின் முதலிய பொருள்கள் வெளிப்படும். பனிக்கூழுக்கு மணம் தரும் அதே வெனிலின்தான். அவ்வாறு வெளிப்படுவனவற்றுள் சிரிஞ்சில் வகைப் பொருள்கள் பூக்கும் தாவரங்களுக்கே உரியவை. இமயத்துப் பைன் மரங்களில் அவை இல்லை எனலாம். எனவே மலைக்காட்டு மரமா, சமவெளிச் செடியா என்பதற்கும் குறிப்புக் கிடைக்கிறது. கண்டல் இன மரங்களின் இலையில் டாராக்செரால் என்னும் பொருள் மிகுதி. அது அலையாத்திக் காட்டைக் காட்டிக் கொடுக்கும். மனிதன் முதலிய சில உயிர்களின் குடலில் பாக்டீரியாக்கள் கொலஸ்டிராலை மாற்றி உண்டாக்கும் கோப்ரோஸ்டனால் சேற்றில் இருந்தால், அங்கே சாக்கடை வந்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான குறிப்பு.

இதனால் யாது பயன்?

சேற்றில் புதைந்த கார்பன் மீண்டும் காற்றில் கலவாமல் நெடுங்காலம் கிடக்கிறது. வங்கக் கடலடி வண்டலை ஆராய்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொணரும் நிலக் கார்பனில் பெரும்பகுதி மட்காமல் புதைந்துவிடுகிறது என்று காட்டியது. வண்டல் விரைந்து படிவதும் அங்குள்ள நீரில் பிராணவாயு குறைவாயிருப்பதும் அதற்குக் காரணங்கள். புவி வெப்பமடையும் இந்நாளில் இது சிறு செய்தியன்று.

இன்று அலையாத்தி மரம் நட்டு, அதன் அடிச்சேற்றிலுள்ள கார்பனைக் கணக்கிட்டு விலை பேசுகின்றனர். அந்தக் கார்பன் முழுவதும் அம்மரம் தந்ததா? ஒரு பகுதி மேலிருந்து ஆறு கொணர்ந்த வயல் மண்ணாகவும் இருக்கலாம். அதையும் மரத்தின் கணக்கில் எழுதினால், புகை விடுவோர் தம் கடன் தீர்ந்ததாகப் பொய்யாக மகிழ்வர். அதுபோலவே, மீன் செத்து மிதக்கும்போது ஆலை நகரைக் குறை கூறும். நகரம் ஆலையைக் குறை கூறும். நட்டப்படுபவன் வலை வீசும் ஏழை. கழிவு எங்கிருந்து வந்தது என்று கேட்க அவனுக்கும் உரிமையுண்டு; அதற்கு விடை தேடும் கருவி விஞ்ஞானத்திடம் இருக்கிறது.

ஒரு சாட்சி பொய்க்கலாம். பல சாட்சிகள் ஒன்றுபட்டால் உண்மை வெளிப்படும். நீதிமன்றத்துக்கு மட்டுமன்று, ஆய்வுக்கூடத்துக்கும் இதுவே நெறி. விஞ்ஞானம் பயிலாத தோழர்களும் இந்நெறியை மனத்திற்கொள்வாராக. இனி ஊக்ளிக் கரையில் நிற்கும்போது, காலடியில் கிடப்பதைச் சேறு என்று மட்டும் எண்ணாதீர்கள்.