சேணத் தொழிலும் அதனைக் கற்கும் முறையும்

குதிரைகள் அருகிவிட்ட இந்நாளில் சேணத் தொழிலைப் பற்றிக் கிராம வளர்ச்சி இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று அன்பர்கள் வினவக்கூடும். ஜட்கா வண்டிகள் நம் தெருக்களினின்று மறைந்து நெடுநாளாயிற்று என்பது உண்மையே. எனினும் உதகையிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரைகளில் சிறுவர்களைச் சுமந்து திரியும் மட்டக் குதிரைகளை யாவரும் கண்டிருப்பர். சேணத்தை இறக்கிவிட்டு அவற்றின் முதுகைப் பார்த்தவர் சிலரே. சாலை எட்டாத மலைச் சிற்றூர்களுக்கு அரிசியும் உப்பும் ஏற்றிச் சென்று, காப்பியும் மிளகும் இறக்கி வரும் பொதிக் குதிரைகளும் இன்றும் உள. அவற்றுள் சிலவற்றின் முதுகில் நாம் கண்டது, சாக்கில் வைக்கோல் திணித்த ஒரு மெத்தையும் அதன் கீழே ஆறாத புண்ணுமே.

சேணத்தின் முதல் வேலை பாரத்தைப் பகிர்ந்து வைப்பது. குதிரையின் முதுகெலும்பின் மீது எதுவும் அழுந்தலாகாது. அதன் இருமருங்கிலும் உள்ள தசைகளே சுமையைத் தாங்க வேண்டும். ஆகையால் நல்ல சேணத்தின் அடியில், நடுவே நெடுக ஒரு கால்வாய் போன்ற இடைவெளி விடப்பட்டிருக்கும். சேணத்தின் எலும்புக்கூடு எனத்தக்கது உள்ளிருக்கும் சட்டம். இது மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி வளைத்து, எஃகுப் பட்டைகளால் வலுவூட்டிச் செய்யப்படும். இக்காலத்தில் பிளாஸ்டிக் வார்ப்புச் சட்டங்களும் வழங்குகின்றன. அதன் மேல் பட்டை நாடாக்களை இழுத்துக் கட்டி, இருக்கை அமைத்து, தோல் போர்த்துவர். அடியில் வைக்கும் மெத்தைகளில் ஆட்டு மயிரைத் திணிப்பர். புதுச் சேணத்தில் இம்மயிர் சில மாதங்களில் அமுங்கிப் படியுமாதலால், மீண்டும் பிரித்துச் சரிசெய்தல் வேண்டும். விற்றதோடு வேலை முடிந்தது என்று எண்ணுபவர் இத்தொழிலுக்கு உதவார்.

தோலை அறிவதே பாதித் தொழில். ஒரு தோலில் முதுகுத்தண்டின் இருபுறமும் உள்ள பகுதி அடர்த்தியும் உறுதியும் வாய்ந்தது. வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். வார்களை முதுகுப் பகுதியில் நெடுக்குவாட்டிலேயே அறுக்க வேண்டும். அங்கவடிகளைத் தாங்கும் இரண்டு வார்களும் ஒரே தோலில் அடுத்தடுத்து அறுக்கப்பட்டவையாக இருத்தல் நலம். இல்லையேல் ஒன்று மிகுதியாக நீண்டு, ஏறுபவர் ஒருபக்கம் சாய்ந்து அமர நேரிடும். குதிரையில் இடப்புறமாகவே ஏறுவது வழக்கமாதலால் இடது வார் விரைவில் நீளும். அதற்காக இரண்டையும் அவ்வப்போது மாற்றிக் கட்டுவதும் உண்டு.

இவ்வேலைக்குக் குரோம் உப்பில் பதனிட்ட தோலை விட மரப்பட்டையில் பதனிட்ட தோலே பெரிதும் ஏற்றது. அஃது எளிதில் நீளாது. ஓரங்களைத் தேய்த்து மெருகேற்றலாம். ஆவாரம் பட்டையில் ஊறவிட்டு, கடுக்காயில் முடித்து, புங்க எண்ணெய் தடவும் பதனீட்டு முறை நம் மாநிலத்துக்கே உரியதாக இருந்தது. பின்னர் வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இவ்வகைத் தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கடல் கடந்து சென்றது. இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. தோல் நம்முடையதாக இருந்தும் சேணம் பிறருடையதாயிற்று.

இனித் தையலுக்கு வருவோம். சேணத் தையல் என்பது ஒரு நூலும் இரண்டு ஊசிகளும் கொண்டது. நூலின் இரு முனைகளிலும் மழுங்கிய முனையுடைய ஊசியைக் கோத்து, தேன்மெழுகு தேய்ப்பர். குத்தூசியால் இட்ட ஒரே துளையில் ஓர் ஊசி இப்புறமிருந்தும், மற்றொன்று அப்புறமிருந்தும் செல்லும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவே ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஓரிடத்தில் மேல்நூல் தேய்ந்து அறுந்தால் தையல் விட்டுக்கொண்டே போகும். கைத்தையலிலோ ஒரு புறத்து இழை அறுந்தாலும் மறுபுறத்து இழை தோலைப் பற்றி நிற்கும். பாய்ந்தோடும் குதிரையின் மேல் இருப்பவருக்கு இவ்வேற்றுமை உயிர் காக்கும் செய்தியாகும். வார் வேலைக்கு ஓர் அங்குலத்திற்கு ஆறு முதல் எட்டுத் தையல்களும், நுண்வேலைக்குப் பத்துக்கு மேலும் இடுவர். குத்தூசியை ஒவ்வொரு முறையும் ஒரே சாய்வில் பிடித்தாலன்றிப் பின்புறத் தையல் கோணலாகும். அச்சாய்வு கைக்குப் படிவதற்கே பல மாதங்கள் ஆகும்.

ஆகவே பயிற்சி பெறுவோர் தொடக்கத்தில் சேணத்தைத் தொடுவதே இல்லை. கத்தி தீட்டுவதும், வார் அறுப்பதும், ஓரம் சீவுவதும், முழங்கால்களுக்கிடையே மரக்கிடுக்கியை இடுக்கிக்கொண்டு கழிவுத் தோலில் தைப்பதுமே முதற்கட்டம். பின்னர்க் கடிவாள வார்கள், தலைக்கட்டு, வயிற்று வார்; இறுதியில்தான் சேணம். தனித்து நின்று வேலை செய்யும் திறம் பெற மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். குதிரையின் முதுகைக் கையால் தடவி அளவெடுக்கும் பழக்கத்தை எந்த வகுப்பறையிலும் கற்பிக்க இயலாது. குதிரை இலாயத்துக்கே செல்ல வேண்டும்.

நம் நாட்டில் இத்தொழிலின் தலைமை இடம் கான்பூர். 1860-களில் இராணுவத்திற்கென அங்கே சேணத் தொழிற்சாலை அமைந்தது; கருவேலம் பட்டையில் பதனிட்ட எருமைத் தோல் அங்குள்ள வேலைக்கு அடிப்படை. இன்று கான்பூர்ச் சேணமும் புவிசார் குறியீடு பெற்று, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கிறது. இங்கிலாந்தில் வால்சால் நகரம் இத்தொழிலால் பெயர் பெற்றது. அந்நகரக் கால்பந்தாட்டக் குழுவினரையே 'சேணக்காரர்கள்' என்று அழைப்பர். இலண்டன் மாநகரின் சேணத் தொழிலாளர் சங்கம் 1395-இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னரிடம் பட்டயம் பெற்றது. இதனை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்தில் தோல் பொருள் பயிற்சி ஒன்றை முப்பது நாட்களுக்கு நடத்தினோம். பணப்பையும் இடுப்பு வாரும் செய்யக் கற்பித்து, சான்றிதழும் வழங்கினோம். தையல் இயந்திரங்களுள் பல இப்போது துருவேறிக் கிடக்கின்றன. அப்பயிற்சிக்கு ஆள் சேர்க்கச் சென்ற ஊரில் ஒரு தந்தையார், "எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் எப்போதும் தோல் வேலைதானா ஐயா?" என்று கேட்டார். அன்று நம்மிடம் விடை இல்லை. ஒரு நாட்டில் அரச பட்டயம் பெற்ற தொழில், நம் ஊரில் ஒரு சாதியாரின் தலையில் ஏற்றிய இழிவாக வைக்கப்பட்டிருந்தது. அத்தொழிலின் பெயரைச் சொல்லி அவர் வாயிலில் போய் நின்றோம். கேள்வி நியாயமானதே.

அதே ஊரில் முதியவர் ஒருவர் இருந்தார். மின்சார இறைப்பு இயந்திரம் வருமுன்னர், கவலை இறைக்கும் சாலுக்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தவர். பயிற்சியின் இறுதி நாளில் வேடிக்கை பார்க்க வந்தவர், ஒரு துண்டுத் தோலை எடுத்து இரண்டு ஊசிகளால் தைத்துக் காட்டினார். நாம் மேலே விவரித்த அதே தையல்! முப்பது நாட்களில் ஒருவரும் அவரை அழைக்கவில்லை, நாமும் அழைக்கவில்லை. "கிணற்றில் தண்ணீர் ஒழுகினால் ஆண்டை திட்டுவார், அதனால் ஒழுகாமல் தைக்கப் பழகினேன்" என்றார் அவர்.

இப்போது வேறு முறையில் முயன்று வருகிறோம். சாதி வேறுபாடின்றி விண்ணப்பம் கோரினோம்; அறுவர் சேர்ந்தனர், அவர்களுள் இருவர் பெண்கள். பிற சாதியாரிடமிருந்து வந்தவர் ஒருவரே என்பதையும் மறைப்பதற்கில்லை. முதியவர் நாட்கூலி பெறும் ஆசிரியர். தோலைப் பற்றிய ஐயங்களுக்கு, 1948-இல் தொடங்கி அடையாற்றில் இயங்கி வரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை நாடுகிறோம். குதிரைச் சவாரிச் சேணத்திற்குச் செல்லாமல், பொதிச் சேணத்தையே முதல் இலக்காகக் கொண்டோம். அதன் அமைப்பு எளிது: இருபுறமும் இரண்டு மெத்தைகள், அவற்றை இணைக்கும் மரச் சட்டம், மார்புக்கும் வாலுக்கும் வார்கள். 1965-ஆம் ஆண்டின் விதிகளின்படி மட்டக் குதிரைக்கு 70 கிலோவும் கோவேறு கழுதைக்கு 200 கிலோவுமே உச்சச் சுமை. முள்ளும் கூரிய பகுதியும் உள்ள கடிவாளமோ சேணமோ ஆகாது. இவ்விதிகளைக் குதிரைக்காரர்களுள் அறிந்தவர் அரியர்.

முதற்சேணம் ஒன்பதாம் மாதத்தில் முடிந்தது. மலையடிவாரத்தில் ஒரு குதிரைக்காரரிடம் கொடுத்தோம். இரண்டு வாரங்களில் திருப்பிக் கொண்டுவந்தார். தோள் மேட்டில் சட்டம் உரசியிருந்தது. முதியவரும் மாணவர்களும் குதிரையை நிறுத்தி வைத்து, முதுகில் சுண்ணாம்புத் தூள் தடவிச் சேணத்தை ஏற்றி இறக்கி, எங்கெங்கே தூள் ஒட்டுகிறது என்று பார்த்துச் சட்டத்தைச் செதுக்கினர். இப்போது அக்குதிரையின் பழைய புண் ஆறி மயிர் முளைத்திருக்கிறது. அக்குதிரைக்காரர் இன்னும் இரண்டு சேணங்கள் கேட்டிருக்கிறார். விலைதான் இன்னும் படியவில்லை. தோலின் அடக்க விலையோடு ஆறு பேரின் கூலியையும் சேர்த்தால் அவரால் தாங்க இயலாது. கால்நடைத் துறையினரோடு அதைப் பற்றி எழுத்துப் போக்குவரத்து நடைபெற்று வருகிறது.