எத்தனால் கணப்பு வாங்கலாமா? ஒரு தறி வீட்டுக் கணக்கு

பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஆரணியில் என் சித்தப்பா வீடு இருக்கிறது. வீட்டின் முன் அறையிலேயே குழித்தறி. சென்ற ஐப்பசியில், பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அவர் மகன் எனக்கு போன் செய்தான்.

"அண்ணா, பயோ எத்தனால் ஃபயர்பிளேஸ்னு ஆன்லைன்ல வருது. புகை கிடையாது, சிம்னி வேண்டாம். தறிக்குப் பக்கத்துல வெச்சா அப்பாவுக்குப் பாவு காஞ்சிடும். ஆர்டர் போட்டுடவா? நீங்கதான் கம்ப்யூட்டர் பத்திரிகையில எழுதுறீங்களே, பார்த்துச் சொல்லுங்க."

ஆரணியில் குளிர் காய ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். அங்கே பிரச்சினை குளிர் அல்ல, ஈரம். பட்டு நூல் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பட்டு நூல் வியாபாரத்தில், உலர்ந்த எடையில் 11 சதவீதம் ஈரம் இருப்பது இயல்பு என்று கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இந்த ஈரம் இன்னும் ஏறும். பாவு தொய்ந்து போகும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். அறுந்த இழையை முடிந்து முடிந்தே பொழுது போகும். சேலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு இது நேரடி நஷ்டம். அந்த முறை தறியில் இருந்தது தை மாதக் கல்யாணத்துக்கான சேலை வேறு. சித்திக்கோ மழைக்காலம் வந்தாலே இழுப்பு. ஆகவே தம்பியின் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நேரில் போய்ப் பார்த்தபோது சித்தப்பா ஒரு வார்த்தை சொன்னார்: "முன்னெல்லாம் மழையில இவ்வளவு தொல்லை இல்லப்பா. இப்ப அஞ்சாறு வருஷமாத்தான்." இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எத்தனால் கணப்பு எப்படி வேலை செய்கிறது?

ஊட்டியில் ஆங்கிலேயர் காலத்து பங்களாக்களில் சுவரோடு கட்டிய கணப்பு அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். விறகு எரியும், புகை சிம்னி வழியே வெளியே போகும். எத்தனால் கணப்பில் விறகும் இல்லை, சிம்னியும் இல்லை. ஸ்டீல் தொட்டி ஒன்றில் எத்தனாலை ஊற்றிப் பற்ற வைக்க வேண்டியதுதான். எத்தனால் என்பது கரும்பு ஆலைக் கழிவுப் பாகு, சோளம், உடைந்த அரிசி போன்றவற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சி எடுக்கும் ஆல்கஹால். விறகைப் போலக் கரியோ சாம்பலோ விடாது. அழகான மஞ்சள் தழல் தெரியும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அடுக்குமாடி வீடுகளில் இதை அலங்காரத்துக்காக வைக்கிறார்கள்.

"புகை இல்லை" என்ற விளம்பரம் பெரும்பாலும் சரிதான். ஆனால் புகை இல்லை என்றால் ஒன்றுமே வெளிவரவில்லை என்று அர்த்தமல்ல. எத்தனாலில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. எரியும்போது கார்பன், கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஹைட்ரஜன், நீராவி ஆகிறது. சிம்னி இல்லாததால் இரண்டும் அறைக்குள்ளேயே தங்குகின்றன. எவ்வளவு தங்குகின்றன என்பதுதான் கேள்வி.

எக்ஸெல்லில் ஐந்து வரி

எக்ஸெல்லைத் திறந்துகொள்ளுங்கள். மொபைலில் கூகுள் ஷீட்ஸ் இருந்தாலும் போதும். பி1 கட்டத்தில் எரிக்கப்போகும் எத்தனாலை லிட்டரில் போடுங்கள். முதலில் 1 என்று வையுங்கள்.

பி2 கட்டம்: கிடைக்கும் வெப்பம். சமக்குறி, பி1, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி, 5.9 என்று டைப் செய்யுங்கள். விடை மின்சார யூனிட்டில் வரும். அதாவது 1 லிட்டர் எத்தனால் தருவது, 1000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 6 மணி நேரம் ஓடித் தரும் வெப்பம்.

பி3 கட்டம்: நீராவி. பி1-ஐ 0.93-ஆல் பெருக்குங்கள். விடை கிலோவில். 1 லிட்டர் எத்தனால் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது!

பி4 கட்டம்: கார்பன் டை ஆக்சைடு. பி1-ஐ 1.5-ஆல் பெருக்குங்கள். ஒரு மனிதர் நாள் முழுவதும் மூச்சில் வெளியிடுவது சுமார் 1 கிலோ. இங்கே சில மணி நேரத்தில் ஒன்றரை கிலோ.

பி5 கட்டம்: அறைக் காற்று தாங்கும் ஈரம். அறையின் நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி 35.3-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். அதை 23-ஆல் பெருக்குங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 23 கிராம் நீராவியைத்தான் தாங்கும்.

சித்தப்பாவின் தறி அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். 34 கன மீட்டர். அந்தக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடிய நீராவியே 780 கிராம்தான். மழை நாளில் அதில் 85 சதவீதம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதற்குள் இன்னும் 930 கிராமைக் கொண்டுவந்து கொட்டினால்?

சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்குமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 30 டிகிரியில் கன மீட்டருக்கு 30 கிராம் தாங்கும். அப்படிப் பார்த்தாலும் அறையின் மொத்தக் கொள்ளளவு 1,030 கிராம்தான். உள்ளே இருப்பதோ 1,600 கிராமை நெருங்கிவிடும். மீதி சுவரிலும் சரிகையிலும் பாவிலும்தான் படியும். ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் போகும்; கூடவே காசு கொடுத்து வாங்கிய வெப்பமும் போகும்.

ஐரோப்பாவில் கடுங்குளிர் காலத்தில் ஹீட்டர் போட்ட அறைகளின் காற்று வறண்டு கிடக்கும். அங்கே இந்த நீராவி தொல்லை இல்லை. நமக்கு மழைக்காலத்தில் நிலைமை நேர் எதிர். பாவைக் காய வைக்க வாங்கிய சாதனம் பாவை நனைக்கும்.

சித்தியின் இழுப்பு

ஜெர்மனியில் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தினர் சிம்னி இல்லாத எத்தனால் கணப்புகளைச் சோதனை அறையில் எரித்துப் பார்த்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடும் ஃபார்மால்டிஹைடும் வீட்டுக் காற்றுக்கான வழிகாட்டு அளவைத் தாண்டியதைக் கண்டார்கள். இரண்டுமே மூச்சுக்குழாயை உறுத்துபவை. இழுப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணமே போதும்.

ஊற்றும்போதுதான் ஆபத்து

எத்தனால் தழல் சிறிதாகிவிட்டால் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து கேனிலிருந்து மறுபடி ஊற்றுவார்கள். ஆவி பற்றி, கேனிலிருந்து நெருப்பு பீய்ச்சி அடிக்கும். ஊற்றுபவருக்கு மட்டுமல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் காயம் ஏற்படலாம்.

ஆஸ்திரேலியாவில் இப்படி 100-க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்த பிறகு 2017-ல் கட்டாயப் பாதுகாப்பு விதி வந்தது. மேஜை மேலோ தரையிலோ வைக்கும் கணப்பு குறைந்தது 8 கிலோ எடையும் 900 சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்பும் கொண்டிருக்க வேண்டும். கேனுக்குள் தழல் நுழையாதபடி தடுப்பு வேண்டும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் டிசம்பர் 2024-ல், தொட்டியில் ஆல்கஹாலை ஊற்றி எரிக்கும் மேஜைக் கணப்புகளைப் பயன்படுத்துவதையே நிறுத்தச் சொன்னது. நூலும் கயிறும் மரச்சட்டமும் நிறைந்த தறி அறையில் இதை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எரிபொருளுக்கு எங்கே போவது?

எத்தனால் நமக்குப் புதிதல்ல. 2003-லேயே தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2023-ல் 20 சதவீதக் கலப்பு பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதற்காக பங்க் பெட்ரோலைக் கணப்பில் ஊற்றலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது வீட்டைக் கொளுத்துகிற வேலை.

சுத்தமான எத்தனால் கடையில் சீமெண்ணெய் போல வாங்குகிற பொருளும் அல்ல. எரிசாராயத்துக்கும் மெத்தனாலுக்கும் தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் கடுமையான கட்டுப்பாடு உண்டு. காரணம் நமக்குத் தெரியும். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. "ஸ்பிரிட்" என்று கிடைப்பதையெல்லாம் வாங்கி எரிப்பதும் ஆபத்துதான். மெத்தனாலின் ஆவியே விஷம்.

நம் நாட்டிலேயே எத்தனாலை வீட்டு நெருப்பாக்கப் பாடுபட்டவர்கள் உண்டு. மகாராஷ்டிராவில் பல்டான் என்ற ஊரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அனில் ராஜவன்ஷி தலைமையில் எத்தனால் அடுப்பையும் "நூரி" என்ற விளக்கையும் உருவாக்கினார்கள். சரிபாதி தண்ணீர் கலந்த எத்தனாலிலேயே எரியும் அடுப்பு அது. கிராமத்துப் பெண்களை விறகுப் புகையிலிருந்து மீட்பதுதான் நோக்கம். விறகு அடுப்புக்கு மாற்றாகக் காற்றோட்டமான சமையலறையில் வைக்க அது நல்ல யோசனை. மூடிய தறி அறையைக் காய வைப்பது வேறு வேலை.

குண்டு பல்பின் ரகசியம்

இப்போது சித்தப்பா சொன்னதற்கு வருவோம். முன்பு மழையில் தொல்லை ஏன் இல்லை?

தாத்தா காலத்தில் தறிக்கு அடியில் மண் சட்டியில் கரி நெருப்பு வைப்பார்களாம். கரியில் இருப்பது பெரும்பாலும் கார்பன். ஹைட்ரஜன் மிகக் குறைவு. அதனால் நீராவி அதிகம் வராது, பாவு காயும். ஆனால் மூடிய அறையில் கரி நெருப்பு கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். அந்த வழக்கத்துக்குத் திரும்பவே கூடாது.

அதன் பிறகு சித்தப்பா தறிக்குழியில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். இழை தெரிவதற்காகத்தான். ஆனால் குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் வெளிச்சம். மற்றதெல்லாம் வெப்பம். 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு எல்.இ.டி. பல்பு ஊரெங்கும் மலிவாகப் பரவியது. சித்தப்பாவும் 9 வாட் எல்.இ.டி. மாட்டினார். வெளிச்சம் நன்றாக இருந்தது. கரண்ட் மிச்சம். கூடவே தறிக்குழியின் சூடும் போய்விட்டது. மழைத் தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது!

ஆரணிக் கடைத்தெருவில் தேடி ஒரு 100 வாட் குண்டு பல்பு வாங்கினேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பத மீட்டரைப் பாவின் அருகே வைத்தோம். காலையில் 84 காட்டியது. கம்பிக் கூண்டுக்குள் பல்பை மாட்டி எரியவிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் 72.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. புதிதாக ஈரம் சேர்க்காமல் காற்றை 3 டிகிரி சூடாக்கினாலே 85 சதவீத ஈரப்பதம் 72-க்கு இறங்கிவிடும். பல்பு ஈரம் சேர்ப்பதில்லை. எத்தனால் சேர்க்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

செலவு? 100 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். 2023-ல் 200-லிருந்து இப்படி உயர்த்தப்பட்டது. அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். எத்தனால் லிட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, 5.9-ஆல் வகுக்க, ஒரு யூனிட் வெப்பத்துக்கு 51 ரூபாய் ஆகிறது.

செய்து பார்ப்பவர்கள் கவனிக்க

குண்டு பல்பின் கண்ணாடி 100 டிகிரிக்கு மேல் சுடும். நூலோ துணியோ படாத தூரத்தில், கம்பிக் கூண்டுக்குள் மட்டும் மாட்டுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் வேண்டாம். பீங்கான் ஹோல்டர் நல்லது. ஈரமான தரை என்பதால் எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் கட்டாயம். தறியை விட்டு எழுந்தால் பல்பை அணைத்துவிடுங்கள். மீட்டர் 65-க்குக் கீழே இறங்கினாலும் அணைத்துவிடுங்கள். மிகவும் காய்ந்த பட்டு இழையும் அறும். பெரிய அறை, பல தறிகள் என்றால் காற்றின் ஈரத்தைத் தண்ணீராகப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையரைப் பற்றி யோசிக்கலாம்.

எத்தனால் கணப்பு அழகுக்குத்தான் வேண்டும் என்பவர்கள் ஐரோப்பியத் தரமான ஈ.என். 16647 முத்திரை உள்ளதா என்று பாருங்கள். திறந்த வெளியில் வையுங்கள். முழுதும் ஆறிய பிறகே ஊற்றுங்கள்.

தம்பிக்கு எக்ஸெல் ஃபைலை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஆர்டர் போடல அண்ணா. இன்னொரு பல்பு வாங்கி அனுப்பறேன், ஸ்பேர் இருக்கட்டும்." கல்யாணச் சேலை மார்கழி முடியும் முன்பே தறியிலிருந்து இறங்கிவிட்டது.